மனந்தளராமை எப்படி நடக்கிறது: உடல் இயலாமையுடன் வாழ்வோருக்கு ஓர் அறிமுகம்

"மனசைத் தளர விடாதேங்கோ" என்பது திருகோணமலையில் உடல் இயலாமையுடன் வாழும் எவரும் வாரத்துக்கு நான்கு முறையாவது கேட்கும் வாக்கியம். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் சொல்வார், கிளினிக் வரிசையில் நிற்பவர் சொல்வார், உப்புவெளியில் மரக்கறி நிறுத்துத் தரும் ஐயா மிச்சக் காசை நீட்டும்போது சொல்வார். அன்போடு சொல்லப்படுவதால் அதற்குக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஆனாலும் மருந்தின் பெயர் மட்டும் இருந்து, எத்தனை வேளை எடுப்பதென்று எழுதப்படாத துண்டைப் போல, அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நான் பல காலம் இருந்திருக்கிறேன். மனத்தைத் தளரவிடாமல் இருப்பதென்றால், காலையில் எழுந்து எதைச் செய்வது?

இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் காலுடன் நான் நடக்கத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. (கால் எப்படிப் போனது என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி. இக்கட்டுரைக்கு அந்தக் கதை தேவைப்படாது.) அண்மையில் விபத்துக்கோ நோய்க்கோ பின் வீட்டில் முடங்கியிருக்கும் ஒருவருக்கும், அவரைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கும் மனைவிக்கும், மனந்தளராமை என்பதன் பொருள் என்ன, அது எந்த வழியில் உண்டாகிறது என்பதை முதலிலிருந்து விளக்குவதே என் நோக்கம்.

உளவியலில் இதனை மீள்திறன் என்று அழைக்கிறார்கள். வளைத்த கம்பி கையை விட்டதும் நிமிர்வதைப் போன்றது என்று அதற்கு ஓர் உவமையும் சொல்வார்கள். உவமை எளிமையானது, ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்துவதில்லை, ஏனென்றால் கம்பி பழைய வடிவத்துக்குத் திரும்பும், போன கால் திரும்பாது. திருக்கடலூர்க் கரையில் வலை பொத்தும் ஒருவரைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். கிழிந்த இடத்தில் புதிய நூலால் முடிச்சுப் போடுவார். அந்த நூலின் நிறம் வேறாக இருக்கும், வலைக்கண்ணின் அளவு சற்று மாறியிருக்கும், ஆனால் மறுநாள் அந்த வலை கடலுக்குப் போகும். மாறிப்போன நிலைமைக்குள் நின்றபடியே, தனக்கு முக்கியமான வாழ்க்கையைத் தொடர்ந்து நடத்திக்கொள்ளும் ஆற்றலையே மீள்திறன் என்கிறோம்.

பிறவிக் குணமா?

சிலர் பிறக்கும்போதே உறுதியானவர்கள், மற்றவர்கள் உடைந்துபோவார்கள் என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. ஆய்வுகள் அதற்கு இடம் தருவதில்லை. ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் உள்ள கவாய் என்னும் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்களான எமி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, நோய், குடும்பச் சச்சரவு எனப் பல பாதகங்கள் ஒருங்கே சூழ வளர்ந்த பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்றாகவே வளர்ந்து ஆளாகியிருந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, பெற்றோராகவே இருக்க வேண்டுமென்றில்லாமல், தாத்தாவோ ஆசிரியரோ அயலவரோ யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையின் பக்கம் நிலையாக நின்றிருந்ததாகும். அமெரிக்க உளவியலாளர் ஆன் மாஸ்டன் 2001இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மீள்திறன் அபூர்வமான வீரத்திலிருந்து வருவதில்லை, மிகச் சாதாரணமான உறவுகளும் பழக்கங்களும் தத்தம் வேலையைச் செய்வதிலிருந்தே வருகிறது என்ற முடிவுக்கு வந்தார். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. வீரம் என்னிடம் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டு மாமி இருக்கிறார்.

இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒருமுறை தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டுப் பிறகு திருத்தப்பட்டது. 1967இல் உளவியலாளர்களான மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும், தம்மால் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு உட்படுத்தப்பட்ட நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் தப்பாமல் படுத்துக் கிடந்ததைக் கண்டார்கள். துன்பம் தொடர்ந்தால் உயிரினம் கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொள்கிறது என்று அப்போது விளக்கினார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், மூளை ஆய்வுகளின் துணையுடன் அதே இருவரும் தம் விளக்கத்தை மாற்றினார்கள். நீண்ட துன்பத்தின் முன் செயலற்றுப் போவது கற்றுக்கொண்ட ஒன்றல்ல, அது உடலின் இயல்பான முதல் மறுமொழி. கற்றுக்கொள்ள வேண்டியது, "இதில் என் கைக்கு எட்டும் பகுதி ஒன்று இருக்கிறது" என்பதைத்தான்.

இதன் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விபத்துக்குப் பின் மூன்று மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர் பலவீனமானவர் அல்லர், அவருடைய உடல் இயல்பாகச் செய்வதைச் செய்கிறது. அவருக்கு "எழும்பி நட" என்று உரத்துச் சொல்வதால் பயனில்லை. இன்று அவர் தாமே தீர்மானிக்கக்கூடிய ஒன்றை, அது எத்தனை மணிக்குத் தேத்தண்ணீர் குடிப்பது என்ற அளவில் சிறியதாக இருந்தாலும், அவருடைய கையில் திருப்பிக் கொடுப்பதால் பயன் உண்டு. எங்கள் வீடுகளில் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. அன்பின் மிகுதியால் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவதிலிருந்து வங்கிக் கையொப்பம் வரை எல்லாவற்றையும் வீட்டார் எடுத்துக்கொள்வார்கள், பிறகு அவர் எதிலும் ஆர்வமில்லாமல் இருக்கிறார் என்று கவலைப்படுவார்கள்.

ஆறு சோடிக் காலுறைகள்

என் கைக்கு எட்டும் பகுதி எது என்பதை நான் காலுறைகளிடமிருந்து கற்றேன் என்றால் சிரிப்பு வரலாம். வெட்டப்பட்டு எஞ்சியிருக்கும் காலின் பருமன் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரவு செயற்கைக் கால் இல்லாமல் படுத்திருப்பதால் காலையில் சற்று வீங்கியிருக்கும், அப்போது சொக்கெட் எனப்படும் குழிப்பகுதி இறுக்கமாக இருக்கும். நடக்க நடக்கக் கால் சுருங்கும், மதியத்துக்குள் குழிக்குள் தளர்ந்து ஆடத் தொடங்கும். அப்போது ஒரு மெல்லிய காலுறையை மேலதிகமாகப் போட வேண்டும். போடாமல் இன்னும் அரை மணிநேரம் பொறுத்துக்கொள்வோம் என்று நினைத்தால் தோல் உரசிப் புண்ணாகும், அதன்பின் ஒரு கிழமைக்குக் காலைப் போடவே முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வை குழிக்குள் தேங்கும். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதும் இரு தடவையாவது கழற்றித் துடைத்துவிட்டுத்தான் மாட்டுகிறேன். மாரியில் பிரச்சினை வேறு, துவைத்த காலுறை காயாது, குசினிக்குள் கொடி கட்டித்தான் காயவைக்க வேண்டும். அதனால்தான் ஆறு சோடி.

முதல் ஆண்டில் எனக்கு இவை எதுவும் தெரியாது. புண் வந்தபோதெல்லாம் மனம் உடைந்தேன், என்னால் எதுவும் முடியாது என்று முடிவுகட்டினேன். புண்ணுக்குக் காரணம் காலுறை என்பதை ஒரு வைத்தியர் எனக்குச் சொல்லவில்லை, நிலாவெளியிலிருந்து அதே கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த, என்னைவிட எட்டு ஆண்டுகள் முன்னதாகக் காலை இழந்த ஒரு அண்ணைதான் வாங்கில் இருந்தபடி தன் காலைக் கழற்றிக் காட்டிச் சொன்னார். "தம்பி, மத்தியானம் ஒண்டு கூடப் போடுங்கோ, சரியாயிடும்." பதினைந்து நிமிடப் பேச்சு அது. அதன்பின் என் "மனவுறுதி" கூடிவிட்டதாக வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் கூடியது ஒரு காலுறை. அதே நிலையில் சில ஆண்டுகள் முன்னே சென்றிருப்பவர் ஒருவரைத் தேடிப் பிடிப்பது, புதிதாக இயலாமைக்கு உள்ளானவர் செய்யக்கூடிய காரியங்களில் முதன்மையானது என்று நான் கருதுகிறேன். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் இதே கதைதான். படுக்கையில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பது, நாற்காலியில் அடிக்கடி உடலைத் தூக்கி அழுத்தத்தைக் குறைப்பது ஆகிய இரு பழக்கங்களும் படுக்கைப் புண்ணைத் தடுக்கும். படுக்கைப் புண் இல்லாத ஒருவருடைய "நேர்மறை எண்ணம்" தானாகவே மேலாக இருக்கும்.

அழலாமா?

அழலாம். நேர்மறையாக இருப்பது என்றால் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பது என்ற எண்ணத்தால் பலர் இரட்டைச் சுமை சுமக்கிறார்கள், இழப்பின் துயரம் ஒன்று, அந்தத் துயரத்தை மறைக்கும் வேலை இன்னொன்று. இல்லாத பாதத்தில் வலிப்பதைச் சொன்னால் "பிரமை" என்று ஒதுக்குவார்கள். காலையோ கையையோ இழந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த மாய உறுப்பு வலி வருகிறது, அது நரம்புகளிலும் மூளையிலும் நடக்கும் உண்மையான நிகழ்வு. அந்த வலிக்குக் கண்ணாடியை வைத்துச் செய்யும் எளிய சிகிச்சையைத் தொண்ணூறுகளில் உருவாக்கிய வி. எஸ். ராமச்சந்திரன் தமிழர் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

எது துயரம், எது நோய் என்று மட்டும் பிரித்தறிய வேண்டும். துயரம் அலையாக வரும், இடையில் பேரப்பிள்ளையின் குறும்புக்குச் சிரிப்பும் வரும். இரண்டு கிழமைகளுக்கு மேலாக நாள் முழுவதும் மனம் இருண்டே கிடந்து, நித்திரையும் பசியும் குலைந்து, முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு நாட்டின் எப்பகுதியிலிருந்தும் அழைக்கலாம்.

படிக்கட்டைப் பார்த்துச் சிரித்தால்

இதுவரை சொன்னவை ஒருவர் தமக்குள்ளும் வீட்டுக்குள்ளும் செய்யக்கூடியவை. அதற்கு வெளியே நிற்கும் பகுதியே என் கணிப்பில் பெரியது. கிண்ணியாவில் வாழும், என்னைப் போலவே ஒரு காலில்லாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2009க்கு முன் அவர் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு வருவதென்றால், பஸ்ஸிலிருந்து இறங்கி, பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி, சனத்துக்குள் ஊன்றுகோலை ஊன்ற இடம் தேடி, அக்கரையில் மீண்டும் பஸ் ஏற வேண்டும். அந்த ஆண்டு 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அவருடைய கால் மாறவில்லை, மனமும் மாறியிருக்க வேண்டியதில்லை, ஆனால் அவருடைய இயலாமையில் ஒரு பெரும் பங்கு ஒரே நாளில் குறைந்துபோனது. இயலாமை என்பது உடலில் மட்டும் இருப்பதில்லை, உடலுக்கும் அதைக் கணக்கில் எடுக்காமல் கட்டப்பட்ட உலகத்துக்கும் இடையில் உண்டாவது என்ற கருத்தை 1970களில் பிரித்தானியாவில் இயலாமையுடைய செயற்பாட்டாளர்கள் முன்வைத்தார்கள். எங்களுக்கு அதை விளங்கிக்கொள்ள கிண்ணியாப் பாலம் போதும்.

செயற்கைக் காலே இன்னோர் எடுத்துக்காட்டு. மேலைநாட்டுச் செயற்கைப் பாதங்கள் பெரும்பாலும் சப்பாத்தின் குதியுயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டவை. சப்பாத்தைக் கழற்றினால் உடல் பின்னுக்குச் சாயும். கோயில் வாசலில் காலணி கழற்றுபவருக்கும், வயலில் வெறுங்காலுடன் இறங்குபவருக்கும், சப்பாணி கட்டி அமர்பவருக்கும் அது உதவாது. 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணரும் சேர்ந்து, வெறுங்காலுடன் நடக்கத்தக்க றப்பர்ப் பாதத்தை உருவாக்கினார்கள். அதன் வழியில் வந்த நிலையம் யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கி வருகிறது. கோணேசர் மலைக்குக் கோட்டை வாசலிலிருந்து ஏறும்போது, மான்கள் நிற்கும் வளைவில் நான் மூச்சு வாங்குவதற்காக நிற்பேன். பலர் என் பக்தியையும் துணிவையும் பாராட்டுவார்கள். பாதத்தை வடிவமைத்தவர்களை யாரும் பாராட்டுவதில்லை.

அந்தப் பாராட்டு எனக்குச் சங்கடமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஊர் எங்களுக்கு இரண்டே பெயர்கள் வைத்திருக்கிறது, ஒன்று "பாவம்", மற்றது "சாதனையாளர்". இடையில் மரக்கறி வாங்கவும், கணக்குப் படிப்பிக்கவும், சில நாட்களில் எரிந்து விழவும் எங்களுக்கு இடமில்லை. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டெல்லா யங், தாமும் சக்கர நாற்காலியில் இருந்தவர், 2014இல் ஆற்றிய உரையொன்றில், எவ்வளவுதான் படிக்கட்டைப் பார்த்துப் புன்னகைத்தாலும் அது சாய்தளமாக மாறியதில்லை என்ற பொருள்படச் சொன்னார். இந்த ஊரின் அலுவலகம் ஒன்றில் சாய்தளம் இருக்கிறது. அதன் அடியில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும், அதன் உச்சியில் ஒரு படி இருக்கும். அங்கே என் பெயரைக் கூப்பிடும் வரை நான் நேர்மறையாகச் சிந்தித்துக்கொண்டிருந்தேன், பிறகு முறைப்பாடு எழுதினேன். முறைப்பாடு எழுதியதும் மீள்திறனில் அடங்கும் என்பதே என் கருத்து.

எழுதுவதற்குப் பிடிமானமும் இருக்கிறது. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களில் தடையின்றி உட்செல்லும் வசதி குறித்த 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் நடைமுறையில் உள்ளன. இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதிப்படுத்தியது. இயலாமையுடையோருக்கு அரசு வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு 2025இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் அதற்கு விண்ணப்பிக்கலாம். கூச்சப்பட்டு விண்ணப்பிக்காமல் இருப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அது பிச்சை என்று ஒருவர் சொன்னால், அவருடைய ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

கெட்ட காலம் வரும்போது

போர், 2004 டிசெம்பர் 26இன் கடல், 2022இன் நெருக்கடி எனத் திருகோணமலைக்குக் கெட்ட காலம் புதிதல்ல. எல்லோருக்கும் வரும் கெட்ட காலம் இயலாமையுடையவருக்கு ஏன் கூடுதலாக வலிக்கிறது என்றால், அவர் பல ஆண்டுகளாகக் கோத்துக் கட்டிய ஏற்பாடுகள் ஒரேயடியாக அறுந்துபோவதால்தான். 2022இல் நாட்டில் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சார மெத்தையில் படுப்பவருக்கும், மூச்சுக்கு உதவும் மின்கருவியை நம்பியிருப்பவருக்கும் அது வெறும் இருட்டு அல்ல. எரிபொருள் இல்லாமல் ஓட்டோக்கள் நின்றபோது, மற்றவர்கள் சைக்கிளுக்கு மாறினார்கள், நான் வீட்டுக்குள் இருந்தேன். காலுறை வாங்க வழியில்லாமல் பழைய பெனியனை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டேன், தையல் மடிப்பு உள்ளே வராமல் வெளியே வரும்படி திருப்பிப் போட வேண்டும் என்பதை ஒரு புண்ணுக்குப் பிறகு கண்டுபிடித்தேன்.

அந்த ஆண்டு என்னைத் தாங்கியது பெரும்பாலும் பக்கத்து வீடுதான். மாமி கிழமைக்கு இருமுறை தன் மகனின் சைக்கிளில் பாணும் மரக்கறியும் அனுப்பினார், நான் அவருடைய மகளுக்குச் சாதாரண தரக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். உதவியை வாங்குவது மட்டுமே ஒருவருடைய பங்காகிவிட்டால் அது விரைவில் மனத்தை அரிக்கும். கொடுப்பதற்கும் ஒன்று இருந்தால், கேட்பதற்கு வாய் வரும். கண் பார்வையற்ற ஒருவர் அயலில் உள்ள எல்லோருடைய தொலைபேசி எண்களையும் மனப்பாடமாக வைத்திருந்து, மின்சாரம் போனதும் எல்லோருக்குமாக முறைப்பாடு சொல்லும் பொறுப்பை ஏற்றிருப்பதை நான் அறிவேன்.

பராமரிப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் அவர் ஒரு பெண், பெரும்பாலும் ஒரே ஒருவர், இரவில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை எழும்புபவர். அவர் காய்ச்சலில் விழுந்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில் மீள்திறன் பற்றிப் பேச இயலாது. தூக்கிப் புரட்டத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவரையாவது முன்கூட்டியே பழக்கி வைக்க வேண்டும்.

மாரி தொடங்குமுன், ஒக்டோபர் முதற் கிழமையில், நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, கொடுப்பனவுப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை இரட்டைப் பொலித்தீனில் கட்டிக் கதவுக்குப் பின்னால் உள்ள பையில் வைக்கிறேன். இரண்டு கிழமை மருந்து, டோர்ச், ஒரு விசில், இரண்டு சோடிக் காய்ந்த காலுறை, பழைய ஊன்றுகோல் ஆகியவையும் அங்கே இருக்கும். செயற்கைக் கால் இரவில் கட்டிலுக்குக் கீழே அல்லாமல் கட்டிலின் மேல், கைக்கு எட்டும் தலைமாட்டில் இருக்கும், ஏனென்றால் வெள்ளம் முதலில் வருவது தரையில்தான். காது கேளாத நண்பர் ஒருவர், இடர் எச்சரிக்கை வந்தால் தன் வீட்டு யன்னலுக்குள் டோர்ச்சை அடிக்கும்படி முன்வீட்டுப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறார், ஒலிபெருக்கியால் அவருக்குப் பயனில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அவசர அம்புலன்ஸின் 1990 ஆகிய எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். கடைசியாக, மாமியின் மகனோடு ஒரு தடவை ஒத்திகை பார்ப்போம். காலை மாட்டி, பையை எடுத்து, பின் படியால் இறங்கி, மேட்டு வீதி வரை போவதற்கு எங்களுக்குச் சென்ற ஆண்டு ஒன்பது நிமிடம் எடுத்தது. இந்த முறை கைத்தடியை வாசலிலேயே விட்டுப் பார்க்கலாம் என்று அவன் சொல்லியிருக்கிறான்.